வக்கீலை மாற்றலாமா?



நோயும் வழக்கும் ஒரு வீட்டிற்குள் தனித்தனியே வந்தாலே தாங்குவது அரிது. சாலை விபத்தில் அடிபட்டவர் வீட்டிலோ இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகின்றன. காலில் போட்ட கட்டு அவிழும் முன்பே வக்காலத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டும் வழக்குக் கட்டும் ஒரே பையில் கிடக்கின்றன. ஓராண்டு போகிறது, ஈராண்டு போகிறது. எலும்பு கூடிவிடுகிறது, வழக்கு மட்டும் கூடி வருவதாகத் தெரியவில்லை. அப்பொழுது அந்த வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. "இந்த வக்கீலையே நம்பிக்கொண்டிருக்கலாமா, வேறொருவரிடம் போகலாமா?"

இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகள் தென் மாவட்டத்து நீதிமன்றங்களில் வழக்காடி ஓய்வு பெற்றவன் நான். வேறொரு வக்கீலை விட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. என்னை விட்டு வேறொருவரிடம் போனவர்களும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியின் இரு பக்கத்தையும் கண்டவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிவிட வேண்டும். வழக்கு உங்களுடையது. வக்காலத்து என்பது உங்கள் சார்பில் பேசவும் மனுக்கள் கொடுக்கவும் நீங்கள் ஒருவருக்குத் தரும் எழுத்துமூலமான அதிகாரம். கொடுத்தவருக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை, 4ஆம் விதி இதைச் சொல்கிறது. நீதிமன்றத்தின் அனுமதியோடு, எழுத்து மூலமாக, வக்காலத்தை முடித்துக்கொள்ளலாம். இதில் துரோகம் ஒன்றுமில்லை. வக்கீல் கோபித்துக்கொள்வாரே என்று அஞ்சி, நம்பிக்கை போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பது மரியாதை ஆகாது.

உரிமை உண்டு என்பதனால் அதை உடனே பயன்படுத்திவிட வேண்டும் என்பதும் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். வக்கீலை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து பிறக்கிறது. ஒன்று, அண்டை வீட்டாருக்குக் கிடைத்த தொகை. இரண்டு, தாமதம். மூன்று, வக்கீலின் மௌனம். இம்மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

அண்டை வீட்டாரின் தொகையை முதலில் எடுத்துக்கொள்வோம். "அவருக்கும் கைதான் போயிற்று, எனக்கும் கைதான் போயிற்று. அவருக்கு இருபது இலட்சம் வந்ததாமே, என் வக்கீல் ஐந்து இலட்சம் கிடைத்தால் பெரிது என்கிறாரே" என்று கேட்பார்கள். கேட்பவரின் வேதனை நியாயமானது. ஒப்பீடு அவ்வளவு நியாயமானதன்று. 2010ஆம் ஆண்டில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மிக எளிமையாக விளக்கியது. ஒருவருடைய இடது கையை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் ஊனம் 60 விழுக்காடு என்று மருத்துவர் கணிக்கலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், சம்பாதிக்கும் சக்தியின் இழப்பு ஏறக்குறைய 100 விழுக்காடு. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால், வேலை போகாமலும் இருக்கலாம். சம்பாத்தியத்தின் இழப்பு அவ்வளவு இராது. ஊனம் ஒன்றே, அதனால் ஒழிந்த பிழைப்பு வேறு வேறு.

அதன் பின் வயது வருகிறது. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கல் எண்களை வகுத்துத் தந்தது. 25 வயது வரை உள்ளவருக்கு 18. 31 முதல் 35 வரை 16. 51 முதல் 55 வரை 11. 65ஐக் கடந்தவருக்கு 5. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 34 வயதுக் கொத்தனாரின் கணக்கைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,80,000. அதை 16ஆல் பெருக்கினால் 28,80,000. சம்பாதிக்கும் சக்தியில் 40 விழுக்காடு போயிற்று என்று தீர்ப்பாயம் கொண்டால், இந்த இனத்தில் மட்டும் 11,52,000. முழுவதும் போயிற்று என்று கொண்டால் 28,80,000. எதிர்கால வருமான உயர்வையும், வைத்தியச் செலவையும், வலிக்கும் வேதனைக்கும் தரும் தொகையையும் நான் இதில் சேர்க்கவில்லை. இந்த ஒரு விழுக்காட்டுக் கணக்கிலேயே 17,28,000 ரூபாய் வேறுபாடு நிற்கிறது.

இக்கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வக்கீலைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி எது என்பதை இது காட்டித் தருகிறது. அண்டை வீட்டாரின் தொகையைக் காட்டிக் கேட்டால் பயனில்லை. "என் வருமானத்திற்கு என்ன சாட்சியம் வைத்திருக்கிறோம்? என் தொழிலை நான் இனிச் செய்ய இயலாது என்பதை யார் வந்து சொல்லப் போகிறார்கள்? எனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரைச் சாட்சியாக அழைக்கப் போகிறோமா?" என்று கேளுங்கள். இதற்கு உங்கள் வக்கீல் நிதானமாகப் பதில் சொன்னால், அவர் சொல்லும் தொகை சிறியதாயினும் அவர் உங்கள் வழக்கை அறிந்தவர். ஒன்றும் சொல்லாமல், "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், முப்பது இலட்சம் வாங்கித் தருகிறேன்" என்பாராயின், அங்கேதான் சற்று யோசிக்க வேண்டும். இந்த அளவுகோல் நீங்கள் புதிதாகத் தேடிப் போகும் வக்கீலுக்கும் பொருந்தும். கட்டைப் பிரித்துப் பாராமலே பெருந்தொகை சொல்பவர் உங்கள் ஆசையைப் படித்திருக்கிறார், வழக்கைப் படிக்கவில்லை.

இரண்டாவது, தாமதம். தாமதம் யாரால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாகன உரிமையாளர் முகவரி மாறிவிட்டால் அறிவிப்புச் சேராமல் சில வாய்தாக்கள் போகும். காப்பீட்டு நிறுவனம் எதிருரை தாக்கல் செய்ய அவகாசம் கேட்கும். நீதிபதி மாறுதலாகிப் போவார். சிறிது காலம் இருக்கை காலியாகக் கிடக்கும். இவற்றிற்கெல்லாம் மேலாக, உங்கள் காயமே ஒரு காரணமாக இருக்கலாம். எலும்பினுள் வைத்த தகடு எடுக்கப்படாமல், இன்னும் ஓர் அறுவை சிகிச்சை மீதமிருக்கும் நிலையில், நிரந்தர ஊனம் எவ்வளவு என்று எந்த மருத்துவரும் துணிந்து சொல்ல மாட்டார். அவசரப்பட்டு வாங்கிய சான்றிதழ் குறைந்த விழுக்காட்டைச் சொல்லிவிட்டால், பிறகு அதைத் திருத்துவது எளிதன்று. இத்தகைய இடத்தில் காத்திருக்கச் சொல்லும் வக்கீல் உங்களுக்கு நன்மையே செய்கிறார்.

காத்திருக்கும் காலத்திற்குச் சட்டம் ஓரளவு ஈடும் தருகிறது. மனுக் கொடுத்த நாளிலிருந்து வட்டி கணக்கிட்டுத் தரத் தீர்ப்பாயத்திற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. யாரும் ஆஜராகாமல் மனு தள்ளுபடியாகி, மீண்டும் கோப்பிற்கு எடுக்கப்பட்டால், இடைப்பட்ட அந்தக் காலத்திற்கு வட்டி இல்லை என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். வழக்கினால் ஏற்படும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வக்கீலின் அசட்டையால் ஏற்படும் தாமதம் உங்கள் பணத்தைத் தின்கிறது.

இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? முன்காலத்தில் குமாஸ்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இக்காலத்தில் அந்தச் சிரமம் இல்லை. ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இலக்கங்கள் கொண்ட ஒரு பதிவு அடையாளம் உண்டு. இ-கோர்ட்ஸ் என்னும் இணையச் சேவையில் அதைக் கொடுத்தால், கடந்த வாய்தாக்களில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்று என்பதைக் கைப்பேசியிலேயே காணலாம். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் எடுத்துக் காட்டிவிடும். அதைப் பார்த்து, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வையுங்கள். பத்து வாய்தாக்களில் எத்தனை எதிர்த்தரப்பினர் கேட்டவை, எத்தனை நீதிமன்றத்தின் பொருட்டு நேர்ந்தவை, எத்தனை உங்கள் தரப்பில் யாரும் இல்லாததால் தள்ளிப் போனவை என்று எண்ணிப் பாருங்கள். கோபத்தில் கண்ட வக்கீல் ஒருவர், இந்த நோட்டில் காணும் வக்கீல் வேறொருவராக இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு தச்சரின் கதையைச் சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். மிதிவண்டியில் போனவரைப் பின்னாலிருந்து வந்த வண்டி மோதியது. வலது மணிக்கட்டு நொறுங்கி, விரல்கள் மடங்காமல் போயின. உளியைப் பிடிக்க முடியாத தச்சருக்கு உலகத்தில் வேறென்ன இருக்கிறது? இரண்டரை ஆண்டு கழிந்த பிறகு அவருடைய மைத்துனர் அவரை என்னிடம் அழைத்து வந்தார். "அண்ணாச்சி, அந்த வக்கீல் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். நீங்களே எடுத்து நடத்த வேண்டும்" என்றார் மைத்துனர். தச்சரைப் பார்த்து, "வழக்கு இப்பொழுது எந்த நிலையில் இருக்கிறது, தம்பி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மைத்துனருக்கும் தெரியவில்லை.

நீதிமன்றப் பதிவை எடுத்துப் பார்த்தோம். அந்த வக்கீல் ஊனத்தைக் கணிக்க மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி மனுப் போட்டு, உத்தரவும் வாங்கியிருந்தார். மருத்துவக் குழு நாள் குறித்து அனுப்பிய கடிதம் தச்சரின் பழைய வாடகை வீட்டிற்குப் போய்த் திரும்பியிருந்தது. வீடு மாறியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வக்கீலோ அதிகம் பேசாத மனிதர். வழக்கில் குறை வைக்காதவர். "நீங்கள் என்னிடம் வந்தால், நான் இந்தக் கட்டைப் படித்து முடிக்கவே ஒரு மாதம் ஆகும். அவருக்கோ இது மனப்பாடம். நாளைக் காலை அவரிடமே போய், புது முகவரியைக் கொடுங்கள், அடுத்து என்ன என்று கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். மைத்துனருக்கு என்மேல் வருத்தந்தான். ஆயினும் தச்சர் போனார். மருத்துவக் குழுவும் பார்த்தது. மருத்துவரும் கூண்டேறி, இக்கை இனி உளி பிடிக்காது என்று சாட்சி சொன்னார். தச்சரின் தொழிலை வைத்தே தீர்ப்பாயம் இழப்பைக் கணக்கிட்டது. வக்கீலை மாற்றியிருந்தால் அந்தத் தீர்ப்பு இன்னும் ஓராண்டு தள்ளிப் போயிருக்கும்; வேறு நன்மை எதுவும் விளைந்திராது.

மூன்றாவது காரணமாகிய மௌனத்திற்கு இப்பொழுது வருகிறேன். மௌனத்தில் இரு வகை உண்டு. ஒன்று சுபாவம், மற்றொன்று மறைப்பு. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னதை ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. வேறுபாடு எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். "என் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதற்கு நான் என்ன கொண்டுவர வேண்டும்?" என்று எழுதி, ஒரு பதிவுத் தபாலிலோ கைப்பேசிச் செய்தியிலோ மரியாதையாகக் கேளுங்கள். பதினைந்து நாள் பொறுங்கள். பேசாத சுபாவமுள்ள நல்ல வக்கீல் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். மறைப்பவர் சினம் கொள்வார், அல்லது மீண்டும் மௌனமாவார்.

மாற்றியே தீர வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. உங்கள் மனு தள்ளுபடியானதை உங்களிடமிருந்து மறைத்தவரை விட்டு நீங்குங்கள். எழுதாத தாளிலும், தொகை நிரப்பாத காசோலையிலும் கையெழுத்துக் கேட்பவரை விட்டு நீங்குங்கள். நீங்கள் அறியாமல் எதிர்த்தரப்போடு தொகை பேசுபவரை விட்டு நீங்குங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வது நல்ல வழியே. பல குடும்பங்களுக்கு விரைவில் பணம் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே செய்யப்படும் தீர்வு முடிவானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. ஆகவே தொகை என்ன, ஏன் அந்தத் தொகை என்று தெரியாமல் அங்கே கையெழுத்திடுவது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவது போலாகும்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு எனக்கு" என்று வக்கீல் பேரம் பேசுவது நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டதன்று. 1954ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று கூறியது. இந்திய வழக்குரைஞர் கழகத்தின் விதிகளும் இதைத் தடுக்கின்றன. கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி, ரூபாய்க் கணக்கில் எழுதிக்கொள்வதே இருவருக்கும் அழகு. பழைய வக்கீலுக்குப் பங்கு பேசிவிட்டுப் புது வக்கீலுக்கும் பங்கு பேசுபவர்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் கொடுத்த பின் காலிழந்தவர் கையில் என்ன மிஞ்சும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தபின், எப்பொழுது மாற்றுவது என்பது முக்கியமானது. சாட்சி விசாரணை தொடங்கும் முன் மாற்றினால் சேதம் குறைவு. புதியவர் வருமானத்திற்கும் ஊனத்திற்கும் தம் விருப்பப்படி சாட்சியம் அமைக்கலாம். உங்கள் சாட்சியமும் மருத்துவர் சாட்சியமும் முடிந்து, வாதம் கேட்கும் நாள் குறித்த பிறகு மாற்றினால், புதியவர் செய்யக்கூடியது சொற்பமே. அந்நிலையில், தற்போதைய வக்கீலையே முடித்துக்கொடுக்கச் சொல்லி, தீர்ப்புத் திருப்தியில்லையாயின் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டிற்கு வேறொருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. அதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்கள் உண்டு. இன்னும் மனுவே தாக்கல் ஆகவில்லையென்றால், மாற்றுவதைப் பற்றி ஒரு வாரத்திற்கு மேல் யோசிக்கக் கூடாது. விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்ற வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் ஏறியிருக்கிறது. அந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆயினும் அந்தக் கேள்வியை நம்பி உங்கள் மனுவைத் தாமதிக்க வேண்டாம்.

மாற்றும் முறை கடினமானதன்று. புதிய வக்கீல் பழையவரின் சம்மதக் கையெழுத்தைப் பெற்று வக்காலத்துத் தாக்கல் செய்வார். பழையவர் சம்மதம் தர மறுத்தால், காரணத்தைக் கூறி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று ஆஜராகலாம். இதுவே விதி. ஆகையால் முதலில் நீங்களே பழையவரைக் கண்டு, நன்றி சொல்லி, செய்த வேலைக்குரிய பாக்கியைத் தீர்த்து, கையெழுத்தும் கட்டும் கேளுங்கள். நயமாகக் கேட்டால் கொடுப்பவர்களே மிகுதி. சிலர் மட்டும், "கட்டணம் முழுவதும் வைத்தால்தான் கட்டு" என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த உரிமை அவர்களுக்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்குக் கட்டுகளைக் கட்டண பாக்கிக்காகப் பிடித்துவைத்த விவகாரம் அது. கட்டணம் வரவேண்டியிருந்தால் அதற்கு வேறு வழிகளை நாடலாம்; கட்சிக்காரரின் கட்டைப் பிணையாக வைத்திருக்கக் கூடாது, வைத்திருப்பது தொழில் ஒழுக்கக் கேடு என்றது நீதிமன்றம். அத்தகைய குறைகளுக்கு மாநில வழக்குரைஞர் கழகத்தில் முறையிடலாம். நுகர்வோர் நீதிமன்றத்திற்குப் போக வழியில்லை. வக்கீலின் தொழில் அச்சட்டத்திற்குள் வராது என்று 2024ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இந்த வழியில் வந்த ஓர் அம்மையாரை நான் அறிவேன். தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாய்க் காய்கறி விற்றவர். லாரி ஏறி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு மாதமும் ஊன்றுகோலோடு பஸ் ஏறி வக்கீல் அலுவலகத்திற்குப் போய், "அடுத்த மாதம் வாருங்கள்" என்ற ஒரே பதிலோடு திரும்பியிருக்கிறார். கடைசியில் ஒரு நாள் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் யாரோ பதிவை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்: மனு இருமுறை தள்ளுபடியாகி, இரண்டாம் முறை தள்ளுபடியானது அப்படியே கிடக்கிறது. அவ்வழக்கு என்னிடம் வந்தது.

பழைய வக்கீல் சம்மதம் தரவில்லை. நீதிமன்றம் அனுமதி தந்தது. கட்டும் வரவில்லை. தாக்கல் செய்யப்பட்டவற்றிற்குச் சான்றிட்ட நகல்கள் எடுத்தோம். மருத்துவமனையில் நோயாளர் பதிவேட்டிலிருந்து புதிதாக நகல் வாங்கினோம். மருந்துக் கடைச் சீட்டுகள் மட்டும் போனது போனதுதான். தள்ளுபடியை நீக்கக் கோரிய மனுவின்போது அந்த அம்மையாரே நீதிபதியின் முன் நின்று, "ஐயா, நான் ஒரு மாசம்கூட வராமல் இருந்ததில்லை. எங்கே வரணும்னுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். என் வாதத்தைவிட அந்த ஒரு வாக்கியம் அதிக வேலை செய்தது. வழக்கு உயிர் பெற்றது, இழப்பீடும் கிடைத்தது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, வீட்டு வாசலிலேயே ஒரு சிறு காய்கறிக் கடை வைத்தார். ஆனால் தள்ளுபடியாகிக் கிடந்த காலத்தின் வட்டி அவருக்குக் கிடைக்கவில்லை. வைத்தியச் செலவில் ஒரு பகுதியும் சீட்டில்லாமல் போயிற்று. அவர் மூன்றாம் ஆண்டில் கேட்ட கேள்வியை முதல் ஆண்டிலேயே கேட்க யாரேனும் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தத் தொகையும் அவர் கைக்கே வந்திருக்கும்.

இலவசச் சட்ட உதவியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும், மாற்றுத் திறனாளிகளும், தொழிற்சாலைத் தொழிலாளரும், வருமானம் குறைந்தவர்களும் இவ்வுதவியைப் பெறலாம். விபத்தில் ஊனமுற்றவர் பெரும்பாலும் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அடங்குவார். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். வக்கீலை மாற்றுவதா என்ற ஐயம் வந்தால், முதலில் அங்கே போய்ப் பக்கச் சார்பில்லாத ஓர் யோசனை கேட்பது நல்லது. உங்களைப் புதுக் கட்சிக்காரராக அடைய விரும்பும் ஒருவரிடம் போய், "நான் வக்கீலை மாற்றலாமா?" என்று கேட்டால், அவர் என்ன சொல்வார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நேயர்களே, தச்சரையும் அந்த அம்மையாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் தம் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவுடன், ஒருவர் தம் வக்கீலிடமே திரும்பிப் போனார்; மற்றவர் தம் வக்கீலை விட்டு நீங்கினார். இருவர் செய்ததும் சரியே. வழக்கை அறியாமல் மாற்றுபவர், புதியவரிடமும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டாண்டு கழித்து மூன்றாமவரைத் தேடுவார். அறிந்தபின் மாற்றுபவருக்கு ஒரு மாற்றமே போதும்.

ஆகவே இன்றிரவே அந்தப் பையை எடுத்துப் பாருங்கள். மருந்துச் சீட்டுகளை ஒரு கட்டாகவும், வழக்குத் தாள்களை ஒரு கட்டாகவும் பிரித்து வையுங்கள். வழக்கின் எண்ணையும் அடுத்த வாய்தா நாளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நாளில், உங்களால் முடிந்தால் நீங்களே, முடியாவிட்டால் வீட்டில் ஒருவர், நீதிமன்றத்தில் போய் நில்லுங்கள். நீதிமன்றம் அச்சப்பட வேண்டிய இடமன்று; அது உங்களுக்காகவும் திறந்திருக்கிறது. அங்கே நின்று, உங்கள் பெயர் அழைக்கப்படும்போது உங்களுக்காக யார் எழுந்து நிற்கிறார் என்று கண்ணாரப் பாருங்கள். மாற்றலாமா என்ற கேள்விக்கு அங்கேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.